தம் கட்டி ஸ்க்ரீம் பண்ணினால் 20 நிமிடத்தில் தொண்டை எரிகிறது. எங்கே தவறு?

மாலைக்காற்று | ஞாயிறு இரவு 10:52

வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு வயது 24. ஏழு வயதில் ஆரம்பித்து ஒன்பது வருடம் கர்நாடக சங்கீதம் கற்றேன். என் சுருதி ஐந்தரைக் கட்டை. இப்போது கோவையில் நண்பர்களோடு ஒரு மெட்டல் பேண்டில் பாடுகிறேன். சாதாரணக் குரலில் பாடும் பகுதிகளில் எந்தத் தொல்லையும் இல்லை, ஒன்றரை மணி நேரம்கூடப் பாடுவேன். ஸ்க்ரீம், அதாவது கரகரப்பாக அலறிப் பாடுவது, வருகிற இடங்களில்தான் பிரச்சினை. ரிஹர்சல் தொடங்கி 20 நிமிடத்துக்குள் தொண்டையில் எரிச்சல், அப்புறம் இருமல். மறுநாள் காலையில் மேல் பஞ்சமத்தை மெதுவாகத் தொட்டால் வெறும் காற்றுதான் வருகிறது. மதியத்துக்குமேல் சரியாகிவிடும்.

எங்கள் கிட்டாரிஸ்ட், "உனக்கு ப்ரெத் சப்போர்ட் பத்தவில்லை, நல்லா தம் கட்டி அடிவயிற்றிலிருந்து தள்ளு" என்கிறான். தள்ளிப் பார்த்தேன். எரிச்சல் இன்னும் சீக்கிரம் வருகிறது.

ஸ்க்ரீம் என்றாலே குரல் கெட்டுத்தான் ஆகுமா? சப்போர்ட் சப்போர்ட் என்று எல்லோரும் சொல்வது உண்மையில் என்ன? அம்மாவுக்குத் தெரிந்தால் பேண்டையே நிறுத்தச் சொல்லிவிடுவார். அதற்குமுன் எனக்கே ஒரு தெளிவு வேண்டும்.


பேஸ்தம்பி | ஞாயிறு இரவு 11:20

எனக்கும் இதே கதைதான். பின்குரல் ஸ்க்ரீம் மட்டும் பண்ணுகிறேன், அதற்கே இப்படி. தொடர்கிறேன்.


இருட்டறை | திங்கள் காலை 7:05

12 வருடமாக ஸ்க்ரீம் பாடுகிறேன். அதில் முதல் மூன்று வருடம் தவறாகப் பாடினேன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு: இந்த வாரம் முழுக்க ஸ்க்ரீமை நிறுத்துங்கள் தங்கச்சி. நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தது எரிச்சல்கூட இல்லை. மறுநாள் காலை மேல் பஞ்சமம் மெதுவாக வரவில்லை என்றீர்களே, அதுதான். குரல்நாண் கொஞ்சம் வீங்கினாலும் முதலில் காணாமல் போவது மெதுவாகப் பாடும் மேல் ஸ்வரம். உரக்கப் பாடினால் வந்துவிடும், அதனால் பலருக்கு வீக்கம் இருப்பதே தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொண்டையில் ஒரே ஒரு ஜோடி நாண் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் குரல்நாண்களுக்கு நேர் மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல்நாண் என்பார்கள். அதற்கும் மேலே குரல்வளையின் வாசலைச் சுற்றி ஒரு வளையம்போல் திசுக்கள். உறுமலும் கரகரப்பும் இந்த மேல் மாடியில் பிறக்க வேண்டும். கீழே இருக்கும் உண்மையான நாண்கள் அந்தச் சண்டையில் மாட்டாமல் தன் வேலையைப் பார்க்க வேண்டும்.

இது மெட்டல்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. ரஷ்யாவின் துவா பகுதியில், அதாவது சைபீரியாவின் தெற்கில், ஆடு மாடு மேய்ப்பவர்கள் பாடும் கர்கிரா என்ற பாணியில் பொய்க் குரல்நாண்கள் உண்மையான நாண்களின் பாதி வேகத்தில் அதிர்கின்றன. அதனால்தான் பாடுகிற சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே அந்தக் கனத்த ஒலி கேட்கிறது. இத்தாலியின் சார்டீனியத் தீவில் நான்கு பேர் வட்டமாக நின்று பாடுவார்கள், அதில் அடிக்குரல் பாடுபவர் செய்வதும் இதேதான். வயதான பிறகும் பாடுகிறார்கள். ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாணி உறுமலில் வாசல் வளையம் அதிரும். ஒவ்வொன்றும் வேறு இடம், வேறு உணர்வு.

லோர்னா ஷோர் என்ற மெட்டல் பேண்டின் பாடகர் வில் ராமோஸ் மூக்கு வழியாகக் கேமரா விட்டுக்கொண்டு ஸ்க்ரீம் பாடிய காணொளி இணையத்தில் கிடைக்கிறது. கட்டாயம் பாருங்கள். மேலே எல்லாம் புயல் மாதிரி ஆடுகிறது. அதைப் பார்த்த அன்றுதான் நான் என் தொண்டையில் எதைத் தேட வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

கிட்டாரிஸ்ட் சொன்ன "தம் கட்டித் தள்ளு" என்பதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. மூச்சு விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் வரட்டும்.


பேச்சுப்பயிற்சி | திங்கள் மதியம் 1:40

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பாடகர்கள், ஆசிரியர்கள், மேடைப் பேச்சாளர்கள் என்று குரல் தேய்ந்து வருபவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

"தம் கட்டு" என்ற சொல்லிலேயே தவறு ஒளிந்திருக்கிறது. அரிசி மூட்டையைத் தூக்கும்போது என்ன செய்கிறோம்? மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்கி முக்குகிறோம். அப்போது குரல்நாண்களும் அதன் மேலே உள்ள பொய் நாண்களும் சேர்ந்து இறுக மூடிக்கொள்கின்றன. உடம்பு அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையிலேயே கத்தினால், மூடிய கதவை உள்ளிருந்து உதைப்பதற்குச் சமம். சத்தம் வரும், கரகரப்பும் வரும், கதவும் உடையும்.

சப்போர்ட் இதற்கு நேர்மாறு. எண்களோடு சொல்கிறேன், நன்றாகப் புரியும்.

குரல்நாணுக்குக் கீழே காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பதை எத்தனை சென்டிமீட்டர் தண்ணீரைத் தள்ளும் என்று அளப்பார்கள். நாண்கள் மெல்ல அதிரத் தொடங்க 3 செ.மீ. அளவு போதும். சாதாரணப் பேச்சுக்கு 6 முதல் 8. உச்ச ஸ்தாயியில் உரக்கப் பாடும்போது 30, 40 வரை போகும். இப்போது முழுக்க மூச்சு இழுத்து, எல்லாத் தசையையும் தளர்த்திவிட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள். ரப்பர் பந்துபோல் விலாவும் நுரையீரலும் சுருங்கப் பார்க்கும். எந்த முயற்சியும் இல்லாமலே உள்ளே சுமார் 30 செ.மீ. அழுத்தம் இருக்கும்.

அதாவது நெஞ்சு நிறைய மூச்சு எடுத்தவுடன் மெதுவாகப் பாட வேண்டுமானால், உங்களுக்குத் தேவையானதைவிட மூன்று நான்கு மடங்கு அழுத்தம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அந்த நேரத்தில் "தள்ளு" என்றால் என்ன ஆகும்? நாண்கள்தான் அணைபோட்டு அத்தனையையும் தடுக்க வேண்டியிருக்கும். சப்போர்ட் உள்ளவர் அந்த வேலையைத் தொண்டைக்குத் தருவதில்லை. மூச்சை இழுக்கப் பயன்பட்ட விலாத் தசைகளையும் உதரவிதானத்தையும் உடனே தளரவிடாமல், விலாக்கூட்டை விரித்தபடியே வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார். மூச்சு பாதிக்குமேல் தீர்ந்த பிறகுதான் வயிற்றுத் தசைகள் உண்மையிலேயே உள்நோக்கி அழுத்த வேண்டிவரும். இத்தாலியப் பாட்டு மரபில் இதை அப்போஜோ என்பார்கள், சாய்ந்து தாங்குவது என்று பொருள்.

வீட்டில் செய்துபார்க்க இரண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 5 செ.மீ. ஆழத்துக்கு விட்டு, "ஊ" என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள். குமிழி வர வேண்டுமானால் குறைந்தது 5 செ.மீ. அழுத்தம் இருந்தாக வேண்டும். குமிழிகள் ஒரே சீராக வந்தால் உங்கள் மூச்சு சீராக இருக்கிறது. ஆரம்பத்தில் கொதித்து முடிவில் அடங்கினால் தாங்குதல் இல்லை. தொண்டைக்கு இதமான பயிற்சியும்கூட. ஐயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி ஸ்ட்ரா பயிற்சியை உலகம் முழுக்கப் பரப்பினார்.

இரண்டாவது, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் "ஸ்ஸ்ஸ்" என்று விட முடிகிறது என்று பாருங்கள். அப்புறம் நாக்கு அதே இடத்தில் இருக்க, குரலையும் சேர்த்துத் தேனீபோல் ரீங்கரித்து எத்தனை விநாடி என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து 1.4-க்கு மேல் வந்தால் நாண்கள் சரியாக மூடவில்லை என்ற சந்தேகம் வரும். இது ஒரு அடையாளம் மட்டுமே, இதைவைத்து நோயை முடிவு செய்யாதீர்கள்.


தம்பூரா | திங்கள் மாலை 6:15

முப்பது வருடமாக வாய்ப்பாட்டு சொல்லித்தருகிறேன். இந்தக் குழந்தையின் பதிவைப் படித்துவிட்டு மனம் ஒப்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒன்பது வருட சாதகத்தில் சேர்ந்த குரலை ஏனம்மா இப்படிப் பாடுபடுத்த வேண்டும்? ஐந்தரைக் கட்டை சட்ஜத்தில் நாண்கள் விநாடிக்கு 208 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் சட்ஜத்தில் 415. நாலு நிமிடப் பாட்டில் இரண்டு நிமிடம் குரல் ஒலித்தாலே முப்பதாயிரத்துக்கு மேல் மோதல். சுத்தமாகப் பாடும்போதே இத்தனை. இதில் வேண்டுமென்றே கரகரப்பைச் சேர்ப்பானேன்?

பேச்சுப்பயிற்சி எழுதிய மூச்சு விளக்கத்தை முழு மனதோடு ஏற்கிறேன். அகார சாதகம், அதாவது "ஆ" என்று பாடிப் பழகுவது, எதற்கு என்று நினைக்கிறீர்கள்? விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைக் கார்வை கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொல்வோமே, அது இந்தத் தாங்குதலுக்குத்தான். வேகம் ஏதும் இல்லாமல், ஒலி அசையாமல், மூச்சைச் செலவழிக்கக் கற்பது. மாலைக்காற்று, உனக்கு இது ஏற்கெனவே தெரியும். ஸ்க்ரீம் என்று வந்ததும் மறந்துவிட்டாய், அவ்வளவே.


செய்யாற்றான் | திங்கள் இரவு 9:30

தம்பூரா அம்மா, உங்கள் கவலை புரிகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன்.

என் தாத்தா தெருக்கூத்துக்காரர். இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை, மைக் இல்லாத காலத்தில், வெட்டவெளியில் பாடியவர். துரியோதனன் வேஷம். அந்தக் குரலில் இருந்த முரட்டுத்தனத்தை யாரும் சுத்தமான குரல் என்று சொல்லமாட்டார்கள். எழுபது வயதிலும் அதே குரல் இருந்தது. அதே ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இன்னொருவர் நாற்பதைத் தாண்டும்முன் குரல் உடைந்து மத்தளத்துக்குப் போய்விட்டார். ஒரே ஆட்டம், ஒரே பனி, ஒரே சாப்பாடு.

என்ன வித்தியாசம் என்று சின்ன வயதில் கேட்டேன். தாத்தா என் கையை எடுத்துத் தன் இடுப்புக்குமேல், முதுகுப் பக்கம் கடைசி விலாவில் வைத்துக்கொண்டு ஒரு அடி பாடினார். அந்த இடம் புடைத்து, பாட்டு முடியும்வரை உள்ளே போகவே இல்லை. தொண்டையில் கை வைத்தால் தளர்வாக இருந்தது. மார்பதக்கமும் புஜக்கட்டையும் இறுக்கிக் கட்டிய பிறகு நெஞ்சைத் தூக்கி மூச்சு இழுக்க வழியே கிடையாது, பின்பக்கம்தான் கதி என்பார்.

இன்னொன்றும் உண்டு. கூத்தில் வேஷக்காரர் ஒரு அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் அவர் ஆடுவார், மூச்சு வாங்குவார், தொண்டைக்கு ஓய்வு. இரவு முழுக்க ஒரே ஆள் பாடுவதாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் பாதிக்கும் குறைவு. உங்கள் பேண்டில் ஸ்க்ரீமைத் தொடர்ந்து வைக்காமல் பேஸ்தம்பி மாதிரி ஒருவரோடு மாற்றி மாற்றி வைத்தால் என்ன?


பேஸ்தம்பி | திங்கள் இரவு 9:48

பின்பாட்டு! எங்கள் பேண்டில் இதை நாளைக்கே செய்துபார்க்கிறோம் அண்ணா.


ஆறாம்கட்டை | செவ்வாய் காலை 8:10

என் அனுபவத்தை யாராவது படித்துத் தப்பித்தால் போதும் என்று எழுதுகிறேன்.

நான் ராக் பாடகி. சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். வலி வந்தால்தான் தொண்டை பழகும், தசை வளர்வதுபோல என்றார். நம்பினேன். ஒரு கல்லூரி விழாவுக்குமுன் சளியும் இருந்தது. வலி தெரியாமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு மேடையேறினேன். மூன்றாவது பாட்டில், ஒரு ஸ்க்ரீமின் நடுவில், யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் குரல் நின்றது. வலியே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு பக்க நாணில் ரத்தக் கசிவு, அது பிறகு பாலிப்பாக, அதாவது சிறு சதை வளர்ச்சியாக, நின்றுவிட்டது. அறுவை சிகிச்சை. அதன்பின் ஒரு வாரம் ஒரு சொல் பேசவில்லை, கடைக்குப் போனாலும் எழுதிக்காட்டினேன். பாட்டுக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆனது. ஆறாம் கட்டையில் பாடியவள் இப்போது ஐந்தில் பாடுகிறேன். பெயரை மட்டும் மாற்றவில்லை.

தயவுசெய்து கேளுங்கள். தசை வலிப்பது வேறு, நாண் எரிவது வேறு. குரல்நாணின் மேல்பரப்பு ஜெல்லிபோல் மெல்லிய படலம், அது அடிவாங்கிப் பலம் பெறுவதில்லை. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்றவற்றைப் போட்டுக்கொண்டு உச்சத்தில் பாடாதீர்கள். வலி மறையும், ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும்.

தம்பூரா அம்மாவுக்கு ஒன்று: சுத்தமாகப் பாடுபவர்களுக்கும் இது வருகிறது. பாப் பாடகி அடேல் ஸ்க்ரீம் பாடுபவர் இல்லை. அவருக்கும் 2011-ல் இதே ரத்தக் கசிவு வந்து, கச்சேரிகளை ரத்து செய்து, பாஸ்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.


தம்பூரா | செவ்வாய் காலை 11:00

படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது அம்மா. ஐந்தோ ஆறோ, நீ திரும்பப் பாடுகிறாய், அது பெரிது. நீ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. என் மாணவிகளிலேயே இரண்டு பேருக்கு நாணில் முடிச்சு வந்திருக்கிறது, இருவரும் கீர்த்தனை தவிர வேறெதுவும் பாடியதில்லை. இருட்டறை, மேல் மாடி என்று எழுதினீர்களே, அதை எப்படிப் பழக்குகிறீர்கள்? எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.


மாலைக்காற்று | செவ்வாய் இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. ஆறாம்கட்டை அக்கா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன்.

சோதனை செய்தேன். "ஸ்" 21 விநாடி, ரீங்காரம் 17. வகுத்தால் 1.24. ஸ்ட்ராவில் குமிழி சீராகவே வந்தது, "ஊ" பாடியபோதும். பிறகு ஒன்று தோன்றியது. ஸ்க்ரீமுக்கு எடுக்கிற மூச்சை எடுத்து, அதே வேகத்தில் குமிழி விட்டுப் பார்த்தேன். தண்ணீர் டம்ளருக்கு வெளியே வந்துவிட்டது! தோள் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்தேன். பாட்டுக்கு ஒரு மூச்சு, ஸ்க்ரீமுக்கு வேறு மூச்சு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.


பேச்சுப்பயிற்சி | புதன் காலை 9:20

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். 1.24 நல்லதுதான். இருந்தாலும் காலைநேர மேல் ஸ்வரம் திரும்பத் திரும்பப் போவதால், ஒரு ஈஎன்டி மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். விளக்கை நாண்களின் அதிர்வுக்குச் சற்றுப் பிந்தி மினுக்குவார்கள், அதனால் விநாடிக்கு இருநூறு தடவை ஆடுவது கண்ணுக்கு மெதுவாகத் தெரியும். சாதாரண விளக்கில் பார்த்தால் வீக்கம் தப்பிவிடலாம். 1850-களில் மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் ஒரு சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்து முதன்முதலில் தன் நாண்களையே பாடும்போது பார்த்தார். தொண்டையைப் பார்க்க வழிகாட்டியது ஒரு பாட்டு வாத்தியார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

பொதுவாகச் சொல்கிறேன்: குரல் கம்மல் மூன்று வாரத்துக்குமேல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பாடும்போது திடீரென்று குரல் நின்றால் அன்றே பேச்சை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.


இருட்டறை | புதன் இரவு 11:30

தம்பூரா அம்மா கேட்டதால் விரிவாக எழுதுகிறேன். மாலைக்காற்று, இதை மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே செய்யுங்கள்.

முதலில் சத்தம். ஸ்க்ரீம் என்றால் காதைப் பிளக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய தொண்டையையும் கெடுக்கிற எண்ணம். நல்ல ஸ்க்ரீமைப் பக்கத்தில் நின்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். உரக்கப் பேசுகிற அளவு, சில சமயம் அதற்கும் கீழே. பிரம்மாண்டம் செய்வது மைக். ரிஹர்சலில் டிரம்ஸ் சத்தத்துக்கு நம் குரல் நமக்கே கேட்காததால்தான் கத்துகிறோம். மானிட்டரில், அதாவது பாடுபவர் பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கரில், உங்கள் குரலை ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஹெட்ஃபோன் போடுங்கள். என் மூன்று வருடத் தவறில் பாதி, ஒரு மோசமான மானிட்டரால் வந்தது.

பிறகு மேல் மாடியைக் கண்டுபிடிக்க வேண்டும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு நாற்காலியில் சாயும்போது "ஹா" என்று ஒரு பெருமூச்சு விடுவோமே, அதை விடுங்கள். கொட்டாவி விடும்போது இருக்கிற அகலம் தொண்டையில் இருக்கட்டும். அந்தப் பெருமூச்சின் நடுவில், குழந்தைக்குக் கரடி உறுமுவதைச் செய்துகாட்டுவதுபோல் கொஞ்சம் உறுமலைச் சேருங்கள். சின்னதாக. சுருதியே வேண்டாம். ஆடம்ஸ் ஆப்பிளுக்குக் கொஞ்சம் மேலே கடகடவென்று ஒரு அதிர்வு தெரிய வேண்டும், கூச்சமோ குத்தலோ இருக்கக் கூடாது. இருமல் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் பாருங்கள்.

அந்த அதிர்வு நிலையாக வந்ததும் சாதாரணக் குரலில் ஒரு வசதியான ஸ்வரத்தை "ஆ" என்று பிடித்து, அதன்மேல் உறுமலை ஏற்றுங்கள், எடுங்கள், ஏற்றுங்கள். அடியில் இருக்கும் ஸ்வரம் கொஞ்சமும் மாறக் கூடாது. உறுமலை எடுத்தவுடன் ஸ்வரம் சுத்தமாக இருந்தால் சரியான இடத்தில் செய்கிறீர்கள். காற்றாகவோ கம்மலாகவோ வந்தால் நாண்களையே உரசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

மூச்சு பேச்சுப்பயிற்சி சொன்னதுதான். முக்கால் மூச்சுக்குமேல் இழுக்காதீர்கள். நிறைய இழுத்தால் நிறையத் தள்ளுவோம்.

முதல் மாதம் நாளைக்குப் பத்து நிமிடம், அதுவும் இரண்டாகப் பிரித்து. முடித்ததும் மிக மெதுவாக, உச்ச ஸ்தாயியில் "ஊ" என்று ஒரு வழுக்கல். அது பயிற்சிக்குமுன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.


மலைமுழக்கம் | வியாழன் காலை 6:50

இருட்டறை சொன்னதில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை. பெருமூச்சு உறுமல் காற்றை நிறையக் கேட்கும் முறை. தள்ளிப் பழகியவர்களுக்கு அது அதே பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும். காலையில் எழுந்ததும் வரும் அந்த "கிர்ர்ர்" குரல், ஃப்ரை, அதிலிருந்து ஆரம்பிப்பது மேல். காற்று மிகக் குறைவு, தள்ளினால் ஃப்ரை உடனே நின்றுவிடும், அதனால் அதுவே வாத்தியார். எனக்கு அப்படித்தான் வந்தது.


இருட்டறை | வியாழன் காலை 7:35

நியாயம். ஃப்ரையில் என் பயம் வேறு: கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் குரலை இறுக்கமாக மூடிப் பழகியிருப்பார்கள், ஃப்ரை ஸ்க்ரீமில் சத்தம் போதவில்லை என்று தோன்றியதும் அழுத்தி நசுக்கிவிடுவார்கள். மாலைக்காற்று இரண்டையும் மெதுவாகச் செய்துபார்த்து, எது இருமல் இல்லாமல் வருகிறதோ அதை எடுக்கட்டும்.


செய்யாற்றான் | வியாழன் மாலை 5:10

தாத்தா கூத்துக்குமுன் பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொள்வார். இதெல்லாம் உண்மையிலேயே உதவுமா?


பேச்சுப்பயிற்சி | வியாழன் இரவு 8:00

இதம் தரும், எச்சில் ஊறும், விழுங்க எளிதாக இருக்கும். எதிராகச் சொல்லமாட்டேன். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும். தண்ணீர்கூட ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கப் போய்த்தான் நாணை ஈரப்படுத்தும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். கச்சேரி மாலையில் என்றால் காலையிலிருந்தே குடியுங்கள். நேராக நாணைத் தொடுவது மூச்சோடு போகும் ஆவி மட்டும்தான். வெறும் வெந்நீர் ஆவி போதும், தைலம் வேண்டாம், அது சிலருக்கு உலர்த்தும்.

தொண்டையைச் செருமும் பழக்கத்தை விடுங்கள். ஒவ்வொரு செருமலும் நாண்கள் ஒன்றையொன்று அறைவதுதான். அதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர். அப்புறம், கச்சேரி முடிந்து நள்ளிரவில் பிரியாணி சாப்பிட்டு உடனே படுப்பவர்கள் பலருக்குக் காலைக் கம்மல் ஸ்க்ரீமால் வருவதே இல்லை, வயிற்று அமிலம் மேலேறி வருகிறது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி கொடுங்கள்.


மாலைக்காற்று | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 4:30

இழையை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்தேன். இரண்டு நாணிலும் லேசான வீக்கம், முடிச்சு எதுவும் இல்லை. இரண்டு வாரம் ஸ்க்ரீம் கூடாது என்றார் மருத்துவர், மூன்று வாரம் இருந்தேன். மருத்துவமனைக்கு அம்மாவும் வந்தார், வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் நாண்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இது இத்தனை சின்னதா?" என்பதுதான். பேண்டை நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு தினமும் காலையில் மந்திர ஸ்தாயியில் அகாரம், விலாவின் பின்பக்கம் கை வைத்துக்கொண்டு. தம்பூரா மேடம், நீங்கள் சொன்னது சரி, அது எனக்குத் தெரிந்ததுதான். ஃப்ரை எனக்கு ஒத்துவரவில்லை, நசுக்கிவிட்டேன். கரடி உறுமல் ஐந்தாவது நாள் வந்தது. அன்றைக்கு எட்டு விநாடி, அவ்வளவே. அதிர்வு மேலே இருந்தது, கீழே எதுவும் நடக்காததுபோல் இருந்தது. அந்த வித்தியாசத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை நாள் கதவை உதைத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் திறந்த ஜன்னல் இருந்திருக்கிறது.

நேற்று ரிஹர்சல். பாட்டுகளை மாற்றி அடுக்கினோம். ஒன்பதில் மூன்றில் மட்டும் ஸ்க்ரீம், அதிலும் பாதி அடிகளை டிரம்மர் வாங்கிப் பாடுகிறான், பின்பாட்டு மாதிரி. மானிட்டரில் என் குரலை ஏற்றினோம். கிட்டாரிஸ்ட் இரண்டு தடவை "ஏன் மெதுவாகப் பண்ணுகிறாய்" என்று கேட்டான். பதிவைப் போட்டுக் கேட்டதும் அவனே திரும்பவும் போடச் சொன்னான்.

இன்று காலை ஏழு மணிக்கு மேல் பஞ்சமத்தை மெதுவாகத் தொட்டேன். வந்தது.


தம்பூரா | ஞாயிறு மாலை 5:02

அந்தப் பதிவை எனக்கு அனுப்பு அம்மா. கரடி உறுமலும் இருக்கட்டும், மேல் பஞ்சமமும் இருக்கட்டும். இரண்டையும் கேட்க வேண்டும்.


பேஸ்தம்பி | ஞாயிறு மாலை 5:40

எங்களுக்கும்! அப்புறம் இருட்டறை அண்ணா, அந்த எட்டு விநாடியிலேயே நான் இன்னும் நிற்கிறேன். உறுமல் வரும்போது நாக்கு பின்னால் போய்விடுகிறது. அது சரியா?


இருட்டறை | ஞாயிறு இரவு 9:15

சரியில்லை தம்பி. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் ஒட்டி வைத்துக்கொண்டு செய்துபார். ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.